டிரெய்லரின் பின்விளக்கு

மார்ச் 4, செவ்வாய்

என் தம்பி என்மேல் அபாண்டமாகப் பழி போட்டான். ஆஸ்பத்திரி வராந்தாவில், என் மகள் நிற்க, என் மனைவி நிற்க, வேடிக்கை பார்க்க வந்தவர்களும் நிற்க, சொன்னான்: "டிரெய்லர்ல பின்னாடி லைட் எரியல. அண்ணன் போட்ட ஒயரிங்." அவ்வளவுதான். சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நடந்ததை எழுதி வைக்கிறேன். நாளைக்கு ஆளுக்கொரு கதை கட்டுவார்கள். சனிக்கிழமை, பொழுது சாய்கிற நேரம். தம்பி வேனை ஓட்டினான். பின்னால் அவனுடைய டிரெய்லர், அதில் சாரம் கட்டும் இரும்புக் குழாய்கள். என் மருமகன் அவனிடம்தான் வேலை பார்க்கிறான். சரக்கை இறக்குவதற்காக மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே போனான். வளைவில் தம்பி பிரேக் போட்டிருக்கிறான். டிரெய்லரில் சிவப்பு விளக்கு எரியவில்லை. மருமகன் நேராகப் போய் மோதினான். வலது கால் நசுங்கிவிட்டது.

அந்த டிரெய்லருக்கு ஒயர் இழுத்தவன் நான். மறுக்கவில்லை. ஒவ்வொரு இணைப்பையும் முறுக்கி, ஈயம் வைத்து, உறை மாட்டி, மேலே கறுப்பு டேப் சுற்றினேன். மழையில் ஓடியது, சேற்றில் ஓடியது. ஒரு பல்பு கண் சிமிட்டியதில்லை. அது எப்படி அன்றைக்கு மட்டும் அணையும்?

கேட்டேன். கேட்டதுதான் தப்பாகிவிட்டது. மகள் திரும்பினாள். "அவரு உள்ள கத்திக்கிட்டு இருக்காரு, நீங்க ஒயரைப் பத்திப் பேசறீங்க. இங்க வராதீங்கப்பா. உங்களப் பார்த்தா எனக்கு அந்த டிரெய்லர்தான் தெரியுது."

வந்துவிட்டேன்.

மார்ச் 5, புதன்

சாப்பாடு இறங்கவில்லை. இவள், என் மனைவி, ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். வீட்டில் நானும் சுவர்க் கடிகாரமும். அதுவாவது ஓடுகிறது.

மார்ச் 7, வெள்ளி

சவரப் பிளேடு வாங்கப் போனவன் டயர் கடைக்காரரிடம் மாட்டிக்கொண்டேன். அவருக்கு நாங்கள் வைத்த பேர் காத்து. டயருக்கு அடிப்பதும் அதுதான், வாயிலிருந்து வருவதும் அதுதான்.

"என்ன பெரியவரே, விசாரணைக்குக் கொண்டுபோன எடத்துல சுவிட்சைப் போட்டா லைட் எல்லாம் பளிச்சுன்னு எரியுதாமே?"

"எரியும். நான் போட்டது."

"நிக்கறப்ப எரியுது, ஓடறப்ப எரியல. அப்ப ஒயரு எங்கயோ லூசுன்னுதானே அர்த்தம்? எனக்கு என்ன தெரியும், காத்தடிக்கிறவன்."

எதுவும் தெரியாதவனுக்கு இவ்வளவு தெரிகிறது. அங்கே இருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் கிளம்பும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மாப்பிள்ளையை நெனச்சா மனசு ஆறல. போன மாசம்தான் கிழிஞ்ச சைக்கிள் டியூப் ஒண்ணு கேட்டு வாங்கிட்டுப் போனாரு. குப்பைக்குப் போறதுக்கும் காசு குடுத்துட்டுத்தான் போனாரு. அப்படிப்பட்ட புள்ள."

பிளேடு வாங்க மறந்துவிட்டேன். தாடி வளர்ந்தால் வளரட்டும். யார் பார்க்கப்போகிறார்கள்?

மார்ச் 8, சனி

விடிந்ததிலிருந்து அந்த டிரெய்லரை மனத்துக்குள்ளேயே கழற்றிக் கழற்றி மாட்டுகிறேன். வேறு வேலை ஓடவில்லை.

பல்பு போயிருந்தால் ஒரு பக்கம்தான் அணையும். இரண்டு பக்கமும் சேர்ந்து போனதாகத் தம்பி சொல்கிறான். அப்படியென்றால் இரண்டுக்கும் பொதுவான இடத்தில் கோளாறு. பியூஸா? பியூஸ் போனால் போனதுதான், விசாரணையில் வந்து மறுபடி எரியாது. வேனுக்கும் டிரெய்லருக்கும் நடுவே மாட்டும் பிளக்கா? அதில் ஊசிகள் துருப்பிடித்தால் ஒன்று போகும், இன்னொன்று நிற்கும்.

மிச்சம் எர்த். பல்புக்கு மின்சாரம் போக ஒரு வழி வேண்டும், திரும்பி வர ஒரு வழி வேண்டும். டிரெய்லரில் திரும்பும் வழி அதன் இரும்புச் சட்டம்தான். சட்டத்தின் முன்பக்கத்தில் ஒரு போல்ட். அந்தப் போல்ட்டிலிருந்து வெள்ளை ஒயர் ஒன்று வேனுக்குப் போகிறது. அதை முறுக்கியவன் நான். என் தோள் வலிக்கும்வரை முறுக்கினேன். அது தானாகக் கழலாது.

ஒரே ஒரு தடவை பார்த்தால் போதும். ஒரு டெஸ்ட் லேம்ப், ஒரு ஸ்பானர். வேறொன்றும் கேட்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

தம்பி வீட்டுக்குப் போனேன். விசாரணை முடிந்து வேனையும் டிரெய்லரையும் விட்டுவிட்டார்கள். யாரோ ஓட்டிவந்து ஷெட்டில் நிறுத்தியிருக்கிறார்கள், கொக்கியைக்கூடக் கழற்றவில்லை. விபத்துக்குப் பிறகு தம்பி ஸ்டியரிங்கைத் தொடுவதில்லையாம். ஆஸ்பத்திரிக்கும் பஸ்ஸில்தான் போய் வருகிறானாம். முகம் செத்துப்போய் இருந்தது. பாவமாகக்கூட இருந்தது, வாயைத் திறக்கும்வரை.

"சாவியைக் குடு. பார்த்துட்டுத் தரேன்."

"வேணாம்ண்ணே."

"ஏண்டா வேணாம்? என் ஒயரிங்னு சொன்னேல்ல? எந்த ஒயருன்னு காட்டு."

"அதைத் தொடாத. அடுத்த வாரம் பழைய இரும்புக்குப் போட்டுடப் போறேன்."

"தடயத்தை அழிக்கிறியா?"

அவன் மனைவி சமையலறை வாசலில் நின்று எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி எழுந்து உள்ளே போய்விட்டான். நான் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். அவன் வெளியே வரவில்லை. கடைசியில் அவன் நாய்தான் வந்து என் செருப்பை முகர்ந்துவிட்டுப் போனது. அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த மரியாதை அது.

பார்க்க விடமாட்டேன் என்கிறான் என்றால் அங்கே ஏதோ இருக்கிறது. குற்றமுள்ளவன்தான் கதவைப் பூட்டுவான்.

மார்ச் 10, திங்கள்

காலை எடுத்துவிட்டார்கள். முழங்காலுக்குக் கீழே.

மார்ச் 12, புதன்

நேற்று எழுத உட்கார்ந்தேன். பேனாவைத் திறந்து, மூடி வைத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரி வரை போனேன். உள்ளே போகவில்லை. எதிர்ப்பக்கம் மருந்துக் கடை ஓரமாக நின்று, எது அவன் ஜன்னல் என்று தெரியாமல் எல்லா ஜன்னலையும் பார்த்தேன். மகள் ஏதோ வாங்க வெளியே வந்தாள். தலை வாரவில்லை. என்னைப் பார்த்திருப்பாளோ? பார்த்துவிட்டுத்தான் வேறு பக்கமாகப் போனாளோ? தெரியவில்லை. சின்ன வயதில் அந்தப் பெண் இருட்டைக் கண்டு பயந்தபோது அவள் கட்டிலுக்கு மேலே இன்டிகேட்டர் பல்பு ஒன்றைப் பழைய பேட்டரியில் மாட்டிக் கொடுத்தேன். ஆரஞ்சு வெளிச்சம். அதைப் பார்த்துக்கொண்டே தூங்குவாள். இன்றைக்கு நான் என்றாலே அவளுக்கு இருட்டு.

இந்த அறையின் ஜன்னலுக்குப் பெயிண்ட் அடித்தவன் மருமகன்தான். மற்றவர்களைப்போல மேலாகத் தடவிவிட்டுப் போகமாட்டான். கொண்டி, திருகாணி எல்லாவற்றையும் கழற்றி, அடியிலும் அடித்து, காயவிட்டு, மறுபடி மாட்டுவான். "அடியிலதான் மாமா துரு ஆரம்பிக்கும்" என்பான். அவன் வேலையில் நான் குறை சொன்னதில்லை. என்னிடம் அப்படிப் பேர் வாங்கியவன் இந்தக் குடும்பத்தில் அவன் ஒருவன்தான்.

அந்தப் பையனுக்கா இது?

எதற்காக நான் இன்னும் காலையில் எழுந்திருக்கிறேன்?

மார்ச் 15, சனி

பார்த்துவிட்டேன்.

தம்பி ஆஸ்பத்திரிக்குப் போன நேரம் அவன் மனைவியே போன் செய்தாள். "வாங்க மாமா. வந்து பார்த்துட்டுப் போங்க. நீங்க ரெண்டு பேரும் இப்படி இருந்தா என்னால தாங்க முடியல." எனக்கு ஒரு ஆள் வேண்டும், பிரேக்கை மிதிக்க. இவளைக் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தாள். "அங்க கால் போய்க் கெடக்கு, உங்களுக்கு லைட்டு." ஆனாலும் வந்தாள்.

வேனில் ஏற்றி உட்கார வைத்தேன்.

"எதை மிதிக்கணும்? மூணு இருக்கே."

"நடுவுல இருக்கிறது."

"இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் என்னைய ஒரு நாள் இங்க உக்கார வெச்சதில்ல. இன்னைக்குத்தான் நேரம் வந்திருக்கு."

விளக்கைப் போடச் சொன்னேன். பின்னால் இரண்டும் எரிந்தன. பிரேக்கை மிதித்தாள். இரண்டும் பிரகாசமாக எரிந்தன. நிற்கும்போது ஒரு குறையும் இல்லை. விசாரணையில் சொன்னது சரிதான்.

நிற்கும்போது என்ன இருக்கிறது, ஓடும்போது என்ன இல்லாமல் போகிறது? அதை யோசித்துக்கொண்டே டிரெய்லரின் வால்பக்கம் ஏறி நின்றேன். என் எடைக்குப் பின்பக்கம் தாழ்ந்தது, முன்பக்கம் கொக்கியில் கொஞ்சம் தூக்கிக்கொண்டது. விளக்கு மங்கியது. "மிதி" என்றேன். இருந்த மங்கலும் அணைந்தது.

"மிதி!"

"மிதிச்சுக்கிட்டுத்தாங்க இருக்கேன்! கால் வலிக்குது!"

இறங்கினேன். எரிந்தது. ஏறினேன். அணைந்தது. எத்தனை தடவை ஏறி இறங்கினேன் என்று தெரியாது. இவள் பயந்துபோய் இறங்கி வந்துவிட்டாள்.

அப்படியானால் வெள்ளை ஒயர் வழியாக எதுவும் திரும்பவில்லை. கொக்கியும் வேனின் பின்னால் அது உட்காரும் இரும்பு உருண்டையும் உரசிக்கொள்ளும் இடம் வழியாகத்தான் மின்சாரம் திரும்பிக்கொண்டிருந்தது. அதிலும் தம்பி கிரீஸை அப்பி வைத்திருக்கிறான். வண்டி குலுங்கும்போதெல்லாம் தொடுப்பு விட்டிருக்கும். பிரேக் போட்டபோது முழுதாகவே விட்டிருக்கிறது.

முன்பக்கத்துப் போல்ட்டைப் பார்த்தேன். முறுக்கு அப்படியே இருந்தது. நான் முறுக்கியதைவிட இறுக்கமாக. சட்டம் முழுக்கப் புதுச் சிவப்புப் பெயிண்ட். போல்ட்டைக் கழற்றினேன். அடியிலும் பெயிண்ட். துளைக்குள்ளும் பெயிண்ட். மரையிலும். ஒயர் நுனியின் வளையத்துக்கு மேலே ஒரு ரப்பர் வாஷர், கீழே ஒரு ரப்பர் வாஷர். கத்தரிக்கோலால் வட்டமாக, பிசிறில்லாமல் வெட்டியது. பெயிண்ட் கீறாமல் இருக்க.

மின்சாரம் போக ஒரு மயிரிழை இடம் இல்லை. எவ்வளவு அழகாக மூடியிருக்கிறான்.

இவள் கேட்டாள், "என்ன, கெடச்சுதா?"

"போகலாம் வா" என்று வாஷர் இரண்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து ஜன்னல் கொண்டியைக் கழற்றிப் பார்த்தேன். இரண்டு ரப்பர் வாஷர். அதே கறுப்பு, அதே கனம். சைக்கிள் டியூப்.

என் ஒயரிங்கில் தப்பில்லை. இதைத்தான் தேடினேன். கிடைத்துவிட்டது. இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யட்டும்?

மார்ச் 16, ஞாயிறு

தம்பியை அவன் தெருமுனையில் பிடித்தேன். பஸ்ஸுக்கு நின்றிருந்தான். உள்ளங்கையை விரித்து இரண்டு வாஷரையும் காட்டினேன். அவன் ஆச்சரியப்படவில்லை. அதுதான் எனக்கு நெஞ்சில் குத்தியது.

"தெரியும்ண்ணே."

"எப்ப தெரியும்?"

"அன்னைக்கே. ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள குனிஞ்சு பார்த்தேன். அவன் அதை வெட்டறப்ப நான் பக்கத்துல உக்காந்து டீ குடிச்சிட்டு இருந்தவன். சின்ன மாமா, வண்டி புதுசு மாதிரி ஆயிடும் பாருங்கன்னான். எனக்கும் தோணல."

"தெரிஞ்சுமாடா என் பேரைச் சொன்னே?"

"வேற யார் பேரைச் சொல்லச் சொல்றே? உம்பொண்ணு கேக்கறா, ஏன் லைட் எரியல, ஏன் எரியலன்னு சட்டையைப் புடிச்சுக் கேக்கறா. உள்ள அவன் கெடக்கான். உன் காலை நீயேதான் எடுத்துக்கிட்டேன்னு அவன்கிட்டச் சொல்லச் சொல்றியா? உன் புருஷன்தான்னு அவகிட்டச் சொல்லச் சொல்றியா?"

"உன் பேரைச் சொல்லியிருக்கலாமே. கிரீஸை அப்பினவன் நீதானே. ஓட்டினவன் நீதானே."

"ஓட்டினதுக்கு என்னைத்தான் விசாரிச்சாங்க. அதை நான் வாங்கிக்கிட்டேன். ஆனா லைட்டு ஏன் போச்சுன்னு கேட்டா எனக்கு என்ன தெரியும்னு எல்லாருக்கும் தெரியும். அதுக்கு ஒரு ஆளு வேணும். நீ தாங்குவேண்ணே. உன்னை யாராலயும் அசைக்க முடியாது. அந்த நேரத்துல அப்படித்தான் தோணிச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டிருந்தா ஒத்துக்குவியா?"

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டான்.

ஒத்துக்கொண்டிருப்பேனா? எழுதும்போதுகூடத் தெரியவில்லை. ஆனால் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் அது நான் கொடுத்தது. கேட்காததால் அவன் பிடுங்கியது. இந்த வித்தியாசம் அவனுக்குப் புரியாது. அவனுக்கு அண்ணன் என்றால் எதையும் மாட்டலாம், தாங்கும் ஆணி.

மார்ச் 17, திங்கள்

மகளிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை செருப்பு மாட்டினேன். இரண்டு தடவையும் கழற்றினேன்.

மார்ச் 19, புதன்

ஒன்றும் இல்லை.

மார்ச் 22, சனி

மருமகனை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். காலையில் இவள் வந்து சொன்னாள், "உங்களைப் பார்க்கணும்னு அவருதான் சொல்றாராம். உங்க பொண்ணு சரின்னுட்டா." கேட்டதும் கண்ணாடி முன்னால் போய் நின்றேன். பிறகு சவரம் செய்துகொண்டேன். பழைய பிளேடுதான், இரண்டு இடத்தில் வெட்டு.

மகள் கதவைத் திறந்தாள். "வாங்கப்பா" என்றாள். முகம் இன்னும் விறைப்புதான், ஆனால் சொன்னாள். தாடையில் இருந்த ரத்தத்தைப் பார்த்தாள். ஈரத்துணி கொண்டுவந்து கையில் கொடுத்தாள். அவ்வளவு போதும் என்று இருந்தது. அந்தத் துணியை முகத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.

முன் அறையில் கட்டில் போட்டிருக்கிறார்கள். போர்வை ஒரு பக்கம் மேடாக இருக்கிறது, ஒரு பக்கம் பாதியில் தட்டையாகிவிடுகிறது. நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். மகள் பக்கத்தில் நின்று மாத்திரைகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, ஒண்ணு கேக்கணும். படுத்துக்கெடந்தா இதேதான் ஓடுது. அந்த டிரெய்லர்ல முன்னாடி ஒரு போல்ட்டு. வெள்ளை ஒயரு போகுமே. பெயிண்ட் அடிக்கறப்ப நான் அதைக் கழட்டினேன். அடியில ரப்பர் வெச்சு மாட்டினேன். அதனாலயா மாமா?"

மகளின் கை நின்றுவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள். என்ன பதில் வேண்டும் என்று அவளுக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் புருஷன்.

வாஷர் இரண்டும் என் சட்டைப் பையில்தான் இருந்தன.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றேன். "நான் பிரிச்சுப் பார்த்துட்டேன். உள்ள ஒரு ஜாயின்ட்டுல ஈயம் விட்டுப்போச்சு. நான் சரியா வெக்கல. கண்ணு முன்ன மாதிரி இல்ல எனக்கு."

"போல்ட்டு?"

"போல்ட்டு நல்லாத்தான் இருந்துச்சு. நீ மாட்டினது ஒழுங்கா இருந்துச்சு."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். இத்தனை நாள் பிடித்து வைத்திருந்த மூச்சு மாதிரி ஒன்று அவனிடமிருந்து போனது. "சரி மாமா. விடுங்க. நீங்க வேணும்னேவா பண்ணீங்க?" என்று என் கையைப் பிடித்தான். கால் போனவன் எனக்கு ஆறுதல் சொல்கிறான்.

மகள் மாத்திரை அட்டையைக் கீழே வைத்தாள். "அப்ப சித்தப்பா சொன்னது நெஜந்தான்" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். உள்ளே போய்விட்டாள். நான் கிளம்பும்போது வரவில்லை. கதவை நானே சாத்திக்கொண்டு வந்தேன்.

இதுவரை அவள் பாதிதான் நம்பியிருக்கிறாள். அப்பா எப்படியாவது இல்லை என்று நிரூபித்துவிடுவார் என்று மிச்சப் பாதியை எனக்காக வைத்திருந்திருக்கிறாள். அதையும் நானே வாங்கித் தின்றுவிட்டு வந்தேன்.

ஈயம் விட்டுப்போச்சாம். என் ஈயம்! என் வாயால்!

மார்ச் 23, ஞாயிறு

மழை. தெருவில் போன வண்டிகளின் பின்விளக்கையெல்லாம் ஜன்னலில் இருந்து பார்த்தேன். ஒன்றில் இடதுபக்கம் எரியவில்லை. எழுந்து போய்ச் சொல்லத் தோன்றவில்லை. இனி என் பேச்சை யார் கேட்பார்கள்?

ஆக வேண்டிய காரியங்கள்:

டிரெய்லரை இரும்புக்குப் போடக் கூடாது. சட்டத்தில் போல்ட் உட்காரும் இடத்தைப் பளபளவென்று சுரண்டி, வெறும் இரும்பில் ஒயரை மாட்டி, அதற்குப் பிறகுதான் மேலே பெயிண்ட் தொட வேண்டும். கொக்கியை நம்பாமல், இரண்டு விளக்கிலிருந்தும் தனித்தனி வெள்ளை ஒயர் பிளக் வரை வர வேண்டும். இது தம்பி, வேறு ஆளை வைத்து. என்னைக் கூப்பிட்டால் வரமாட்டேன். கூப்பிடவும் மாட்டான்.

மகள் வீட்டு வாசல் படிக்குச் சரிவுப் பலகை: தம்பி. மாப்பிள்ளைக்கு உட்கார்ந்து செய்கிற வேலை, அவன் கை சும்மா இருக்காது: அதுவும் தம்பி.

என்னிடம் வந்து ஒரு வார்த்தை கேட்க வேண்டியது: தம்பி. இதை நான் விடுவதாக இல்லை.

தினமும் அங்கே போய் வர, மகளுக்குத் தலை வாரிவிட, சாப்பிட்டாளா என்று பார்த்து வந்து என்னிடம் சொல்ல: இவள்.

ஜன்னலைப் பார்த்து ஏன் கொண்டி தொங்குகிறது என்று இவள் கேட்கும் முன் அதைத் திருப்பி மாட்ட, ரப்பரோடு: நான்.

மகள் ஒன்றும் செய்ய வேண்டாம்.

சட்டைப் பையில் இருக்கும் இரண்டு வாஷரையும் யார் கண்ணிலும் படாத இடத்தில் எறிய வேண்டியது: நான். இன்றைக்கு மழை. நாளைக்கு.